லெட்சுமி வேறு, லக்ஷ்மி வேறா? வங்கிகள் மென்பொருள் வாங்கும் லட்சணம்

"பாரபட்சமற்ற முறையில் மதிப்பீடு செய்யப்பட்டு இந்த மென்பொருள் தேர்ந்தெடுக்கப்பட்டது." இந்த வரி இல்லாத கொள்முதல் கோப்பை நான் பார்த்ததில்லை. வங்கியில் சேர்ந்த நாளிலிருந்து படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். டேட்டா இன்டகிரேஷன் மென்பொருள் விஷயத்தில் மட்டும் இந்த வரியை நான் நம்புவதில்லை. யாரோ பெட்டி வாங்கிவிட்டார் என்று சொல்ல வரவில்லை. பெட்டி வாங்கினால் விஜிலென்ஸ் பார்த்துக்கொள்ளும். இது எல்லாரும் யோக்கியமாக இருந்துகொண்டே செய்கிற காரியம். பரீட்சை எழுதப்போகிற பையனிடமே கேள்வித்தாளையும் தயாரிக்கச் சொல்லிவிட்டு, அவன் நூற்றுக்கு நூறு வாங்கினதும் மெடல் குத்திவிடுகிறோம்.

"கம்ப்யூட்டர் டிபார்ட்மெண்ட் சமாச்சாரம், நமக்கென்ன?" என்று தாண்டிப் போய்விடாதீர்கள். ஊரை விட்டு வந்து தாராவி, மாதுங்கா, செம்பூர் என்று செட்டில் ஆன குடும்பங்களையும், இங்கிருந்து வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போன பிள்ளைகளையும்தான் இது முதலில் கடிக்கும். காரணம், நம்ம பெயர்கள். அதற்கு வருகிறேன்.

முதலில் இந்த மென்பொருள் என்ன செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். ஒரே வங்கிக்குள் சேமிப்புக் கணக்கு ஒரு கம்ப்யூட்டரில், கிரெடிட் கார்டு இன்னொன்றில், வீட்டுக் கடன் வேறொன்றில் இருக்கும். இரண்டு வங்கிகள் ஒன்றானால் கேட்கவே வேண்டாம், எல்லாமே இரண்டிரண்டு. இத்தனை இடங்களிலிருந்தும் விவரங்களை இழுத்து, அழுக்கு நீக்கி, "இந்த முருகனும் அந்த முருகனும் ஒரே ஆள்தான்" என்று முடிவு கட்டி, ஒரே இடத்தில் கொண்டு போய்ச் சேர்க்கிற குழாய்தான் டேட்டா இன்டகிரேஷன். இன்ஃபர்மாட்டிகா, ஐ.பி.எம்.மின் டேட்டாஸ்டேஜ், ஆரக்கிள், டேலண்ட் என்று பல கம்பெனிகள் இந்தக் குழாயை விற்கின்றன. நல்ல விலை.

நம் நாட்டில் இதற்குப் பெரிய பரீட்சை சமீப வருடங்களில்தான் வந்தது. 2017 ஏப்ரல் 1-ல் ஸ்டேட் பாங்கோடு அதன் துணை வங்கிகள் சேர்ந்தன. 2019 ஏப்ரல் 1-ல் விஜயா பாங்கும் தேனா பாங்கும் பாங்க் ஆஃப் பரோடாவுக்குள் போயின. 2020 ஏப்ரல் 1-ல் ஒரே நாளில் நான்கு இணைப்புகள். பஞ்சாப் நேஷனல், கனரா, யூனியன், நம்ம சென்னை இந்தியன் பாங்க். ஓரியண்டல், யுனைடெட், சிண்டிகேட், ஆந்திரா, கார்ப்பரேஷன், அலகாபாத் என்ற பெயர்ப்பலகைகள் எல்லாம் இறங்கின.

2019 ஆகஸ்ட் 30-ல் நிதி அமைச்சர் இதை அறிவித்தபோது காட்டிய படங்களில் ஒரு விஷயத்தைப் பெருமையாகப் போட்டிருந்தார்கள். சேரப்போகிற வங்கிகள் ஒரே கோர் பாங்கிங் மென்பொருளில்தான் ஓடுகின்றன, அதனால் இணைப்பு சுலபம் என்று. பஞ்சாப் நேஷனல் கூட்டணியும் யூனியன் கூட்டணியும் ஃபினாக்கிள், இந்தியனும் அலகாபாத்தும் பேங்க்ஸ், இப்படி. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு வீட்டிலும் ஒரே கம்பெனி குக்கர் இருந்தால் இரண்டு வீட்டு சாம்பாரும் ஒன்றாகிவிடுமா? பரோடா, விஜயா, தேனா மூன்றுமே ஃபினாக்கிள்தான். ஆனால் பரோடாவில் கணக்கு எண் 14 இலக்கம், விஜயாவில் 15. ஒவ்வொரு வங்கியும் தன் இஷ்டத்துக்கு டெபாசிட் திட்டங்களுக்குக் குறியீடு வைத்திருந்தது. சட்டப்படி இணைந்தது 2019 ஏப்ரலில். இரண்டு பழைய வங்கிகளின் 3,898 கிளைகளையும் கம்ப்யூட்டரில் இணைத்து முடித்தது 2020 டிசம்பரில். இருபது மாதம். நடுவில் கொரோனா வேறு. அதைச் செய்து முடித்தவர்களுக்கு ஒரு கும்பிடு போடலாம், சும்மா சொல்லவில்லை. என் சண்டை அவர்களோடு இல்லை. மென்பொருளை ஆரம்பத்தில் தேர்வு செய்கிற கமிட்டிகளோடுதான்.

சரி, பெயருக்கு வருவோம்.

பெயர்கள் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க சவுண்டெக்ஸ் என்று ஒரு பழைய முறை உண்டு. 1918-ல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியது. அந்த ஊர் குடும்பப் பெயர்களுக்காகச் செய்தது. முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொள்ளும், உயிரெழுத்துகளைத் தள்ளிவிடும், மீதி எழுத்துகளுக்கு ஒன்று முதல் ஆறு வரை எண் கொடுத்து மூன்று இலக்கத்தில் நிறுத்திவிடும். நூறு வருஷம் ஆகியும் பெரிய டேட்டாபேஸ்கள் எல்லாவற்றிலும் இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

இதில் லக்ஷ்மியைப் போட்டுப் பாருங்கள். இங்கிலீஷில் கே, எஸ், ஹெச் வரும்படி எழுதினால் எல்-250. வடக்கே வழக்கமாக எழுதுகிற மாதிரி நடுவில் எக்ஸ் போட்டு எழுதினாலும் அதே எல்-250. சபாஷ், இரண்டும் ஒரே ஆள் என்று மென்பொருள் சொல்லிவிடும். இப்போது நம்ம திருநெல்வேலி லெட்சுமி. டி, சி, ஹெச் போட்டு, ரேஷன் கார்டில் எப்படி இருக்கிறதோ அப்படி. எல்-325. வேறு ஆள்! மலேசியாவிலும் இலங்கையிலும் இருக்கிற லெட்சுமிகளுக்கும் இதே கதிதான். அதே முறையில் முருகனுக்கு எம்-625. மாரிக்கண்ணனுக்கும் எம்-625. முருகனும் மாரிக்கண்ணனும் ஒன்று, லெட்சுமியும் லக்ஷ்மியும் வேறு. இதை எந்தப் பாட்டியிடமும் போய்ச் சொல்லாதீர்கள், துடைப்பத்தோடு வருவாள்.

"யோவ், இதெல்லாம் பழைய காலத்து முறை, இப்போ புதுசு இருக்கு" என்று மென்பொருள் தம்பிகள் சொல்வார்கள். இருக்கிறது. அமெரிக்க சென்சஸ் ஆபீசில் எண்பதுகளில் பிறந்த ஜாரோ முறையும், பிறகு விங்க்லர் அதை வளர்த்ததும் இன்று பல மென்பொருள்களில் உள்ளே ஓடுகிறது. அதையும் நான் கையாலேயே கணக்குப் போட்டுப் பார்த்தேன் (பி.காம். படித்ததற்கு இதாவது உபயோகமாகட்டும்). எஸ். முருகன் என்பவரை முருகன் எஸ். என்று எழுதினால், புள்ளி இல்லாமல் இடைவெளி மட்டும் விட்டால், ஒற்றுமை நூற்றுக்கு 85. அதே எஸ். முருகனையும் கே. முருகனையும் ஒப்பிட்டால் சுமார் 93. அதாவது ஒரே ஆளின் இன்ஷியலை முன்னே பின்னே போட்டால் 85, அப்பனே வேறாக இருக்கிற இரண்டு பேருக்கு 93. நூற்றுக்கு 90-க்கு மேல் என்றால் ஒரே ஆள் என்று அளவுகோல் வைத்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். செட்டா நகர் முருகன் கோயிலில் கிருத்திகை அன்று நின்று "முருகா" என்று கூப்பிட்டால் எத்தனை பேர் திரும்புவார்கள்? அத்தனை பேருக்கும் ஒரே கணக்கு.

வார்த்தைகளை முன்பின் மாற்றிப் பார்க்கும் வசதி நல்ல மென்பொருள்களில் உண்டு. ஆனால் யாராவது அதை இயக்கி, நம்ம பெயர்களுக்கு ஏற்ப அளவுகோலை மாற்றி வைக்க வேண்டும். எந்த மென்பொருளில் அது சுலபம், எதில் கஷ்டம், எதில் முடியவே முடியாது என்பதைக் கண்டுபிடிப்பதற்குப் பெயர்தான் மதிப்பீடு.

நம்ம பக்கத்துக் குழப்பம் இன்னும் இருக்கிறது. மும்பை கிளைகளில் படிவம் முதல் பெயர், நடுப்பெயர், குடும்பப் பெயர் என்று மராத்தி வழக்கப்படி மூன்று கட்டத்தோடு நிற்கும். நமக்குக் குடும்பப் பெயர் ஏது? பான் கார்டில் இன்ஷியல் கூடாது, விரித்து எழுது என்றார்கள். அதனால் அப்பா பெயர் குடும்பப் பெயராகிவிட்டது. கல்யாணமான பெண்ணுக்கு ஒரு கணக்கில் அப்பா பெயர், இன்னொன்றில் வீட்டுக்காரர் பெயர், மூன்றாவதில் வெறும் புள்ளி. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயரோடு இருந்தவர்களுக்கு 2022 நவம்பரில் அமீரகம் விசிட் விசாவுக்குத் தடை போட்டபோது எத்தனை வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று ஞாபகம் இருக்கும்.

"பான், ஆதார் இருக்கும்போது பெயரை வைத்து ஏன் பார்க்க வேண்டும்?" நியாயமான கேள்வி. புதுக் கணக்குகளுக்கு சரி. ஆனால் இருபது, முப்பது வருஷத்துக் கணக்குகள்? சின்னப் பிள்ளைகள் பெயரில் போட்ட டெபாசிட்? நாமினி? அந்த இடத்தில் வெறும் பெயரும் உறவும்தான் இருக்கும்.

தப்பாகச் சேர்த்தால் ஒருவர் டெபாசிட்டின் வட்டி இன்னொருவர் தலையில் ஏறும். மூத்த குடிமக்களுக்கு 2025 ஏப்ரலிலிருந்து வருஷ வட்டி 1 லட்சம் தாண்டினால்தான் டி.டி.எஸ். பிடிக்க வேண்டும். இரண்டு பேர் வட்டியைக் கூட்டினால் சுலபமாகத் தாண்டும். ஒருவர் கட்டாத கடன் இன்னொருவருக்கு வராக்கடன் ஆகும். சேர்க்க வேண்டியதைச் சேர்க்காவிட்டால் அப்பா போட்ட பணம் எங்கேயோ அநாதையாகக் கிடக்கும். பத்து வருஷம் யாரும் தொடாவிட்டால் ரிசர்வ் பாங்க் நிதிக்குப் போய்விடும். கேட்டால் கிடைக்கும், ஆனால் இருக்கிறது என்று தெரிந்தால்தானே கேட்பது?

இப்போது கமிட்டி என்ன செய்கிறது என்று பாருங்கள். நான் உட்கார்ந்த ஒரு கூட்டத்தைச் சொல்கிறேன், கம்பெனி பெயர் வேண்டாம். செய்து காட்டுகிறேன் என்று வந்தார்கள். அவர்களே கொண்டுவந்த டேட்டா. ஜான் ஸ்மித், ராகுல் சர்மா, நேஹா குப்தா. எல்லாருக்கும் முதல் பெயர் ஒன்று, குடும்பப் பெயர் ஒன்று, பிறந்த தேதி பளிச்சென்று. பத்து நிமிஷத்தில் எல்லாம் சேர்ந்தது, திரையில் "99.5 சதவீதத் துல்லியம்" என்று வந்தது. "எங்கள் கிளையிலிருந்து இரண்டாயிரம் பெயர் தருகிறேன், ஓட்டிக் காட்டுங்கள்" என்றேன். "கண்டிப்பா சார், அடுத்த கட்டத்தில் பார்க்கலாம்" என்றார் வந்தவர். அடுத்த கட்டம் என்றால் பர்ச்சேஸ் ஆர்டருக்குப் பிறகு :-)

அந்த 99.5-ஐ அப்படியே ஒத்துக்கொண்டாலும், ஒரு கோடி வாடிக்கையாளர் இருக்கிற வங்கியில் அது ஐம்பதாயிரம் பேர். அந்த ஐம்பதாயிரத்தில் எத்தனை பேர் தப்பாக ஒட்டப்பட்டவர்கள், எத்தனை பேர் ஒட்டாமல் விடப்பட்டவர்கள் என்று ஒரே சதவீதம் சொல்லாது. முதல் வகை அடுத்தவன் பணத்தில் கை வைப்பது. இரண்டாவது வகை தலைவலி, அவ்வளவுதான். இரண்டுக்கும் ஒரே மதிப்பெண் கழிக்கிற கமிட்டிக்கு வாடிக்கையாளர் யாரென்றே தெரியாது. மிச்சமிருக்கிற 99.5-லும் லெட்சுமிகள் இல்லை, ஏனென்றால் கேள்வித்தாளிலேயே அவர்கள் இல்லை.

"கார்ட்னர் அறிக்கையில் முன்னணியில் இருக்கிறதே?" என்பார்கள். கார்ட்னர் என்பது அமெரிக்க ஆய்வுக் கம்பெனி, நாலு கட்டம் போட்டு யார் எங்கே என்று வருஷா வருஷம் புள்ளி வைக்கும். படிக்க வேண்டியதுதான், நானும் படிக்கிறேன். ஆனால் நெட்ஸ்கவுட் என்ற கம்பெனி தன்னை அநியாயமாகக் கீழே வைத்துவிட்டார்கள் என்று வழக்குப் போட்டபோது, அந்தக் கட்டங்கள் கருத்துதான், பேச்சுரிமை அதற்கு உண்டு என்று கனெக்டிகட் மாநில உச்ச நீதிமன்றம் 2020-ல் சொல்லிவிட்டது. ஒருவரின் கருத்தை, நம்ம கமிட்டி அளந்து பார்த்த உண்மை போலக் கோப்பில் ஒட்டுவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. உள்விஷயம் என்னவென்றால், முன்னணிக் கம்பெனியை வாங்கி ஊற்றிக்கொண்டால் யாரும் நம்மைக் கேட்க மாட்டார்கள். சின்னக் கம்பெனியை வாங்கி ஊற்றிக்கொண்டால் ரிட்டையர் ஆகும் நாள் வரை பதில் எழுத வேண்டும். இந்த பயத்துக்குத்தான் "பாரபட்சமின்மை" என்று பெயர் வைத்திருக்கிறோம்.

விற்கிறவர்கள் பரீட்சையைக் கண்டு பயப்படுவது புதுசும் இல்லை. 1983-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டேவிட் டிவிட் என்ற பேராசிரியரும் சகாக்களும் டேட்டாபேஸ்களை வைத்து வேகப் பரீட்சை நடத்தி முடிவைப் பெயரோடு வெளியிட்டார்கள். ஆரக்கிளுக்கு மதிப்பெண் குறைச்சல். அதன் பிறகு, எங்கள் அனுமதி இல்லாமல் பரீட்சை முடிவுகளை வெளியிடக் கூடாது என்று லைசென்ஸிலேயே ஒரு ஷரத்து வந்தது. அதற்கு டிவிட் ஷரத்து என்றே பெயர். மற்ற கம்பெனிகளும் பிடித்துக்கொண்டன. 2021-ல்தான் டேட்டாபிரிக்ஸ், ஸ்னோஃப்ளேக் போன்றவை தங்கள் ஒப்பந்தத்திலிருந்து அதை எடுத்தன, அதுவும் தங்களுக்குள் சண்டை வந்த சமயத்தில். இப்படிப்பட்ட ஷரத்து இருக்கிறதா என்று கையெழுத்துப் போடும் முன் எத்தனை கமிட்டி படித்துப் பார்க்கிறது?

சொந்தக்காரன் கடையில் வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தில் டி.எஸ்.பி. வங்கி. அதை 2015-ல் ஸ்பெயினின் சபாடெல் வங்கி வாங்கியது. லாயிட்ஸ் வங்கியின் கம்ப்யூட்டரில் இருந்த ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களை, சபாடெலின் சொந்த ஐ.டி. கம்பெனி கட்டிய தளத்துக்கு 2018 ஏப்ரலில் ஒரு சனி, ஞாயிறில் மாற்றினார்கள். டேட்டா என்னவோ சரியாகப் போய்ச் சேர்ந்தது. தளம் படுத்துவிட்டது. 19 லட்சம் பேர் தங்கள் கணக்குக்குள் நுழைய முடியவில்லை. இரண்டு லட்சத்துக்கு மேல் புகார். பிறகு வந்த விசாரணை அறிக்கை சொன்னது: இரண்டு டேட்டா சென்டர்களில் ஒன்றில் மட்டும்தான் பாரம் தாங்குமா என்று சோதித்தார்களாம். 2022 டிசம்பரில் வங்கிக்கு 4 கோடியே 86 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டு அபராதம். 2023-ல் அப்போதைய தகவல் தொழில்நுட்பத் தலைவருக்கும் தனியாக 81,620 பவுண்டு. "நாங்கள் தயார்" என்று அந்த சொந்தக்காரக் கம்பெனி சொன்னதை அவர் போதுமான அளவு துருவிப் பார்க்கவில்லை என்பது குற்றம். அடுத்த கட்டத்தில் பார்க்கலாம் சார்!

நியாயமான பரீட்சை எப்படி இருக்கும்? ராக்கெட் விட வேண்டியதில்லை. தாராவி, மாதுங்கா, செம்பூர், தூத்துக்குடி, லூதியானா, கொல்கத்தா என்று பல கிளைகளிலிருந்து இரண்டாயிரம் நிஜக் கணக்குகளை எடுங்கள். யார் யார் ஒரே ஆள் என்று இரண்டு குமாஸ்தாக்கள் தனித்தனியாக, ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்க்காமல் எழுதட்டும். வேறுபடுகிற இடத்தில் மூன்றாவது ஆள் முடிவு சொல்லட்டும். கவுண்டரில் முப்பது வருஷம் உட்கார்ந்தவர்களுக்கு இது கை வந்த கலை. அந்த விடைத்தாளை உறையில் போட்டு அரக்கு வையுங்கள், கமிட்டிக்கும் காட்டாதீர்கள். எதற்கு எத்தனை மதிப்பெண் என்பதை விலைப்புள்ளி திறக்கும் முன்பே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள், பிறகு மாற்றக் கூடாது. முடிவுகள் கமிட்டிக்கு வரும்போது அ, ஆ, இ என்று வரட்டும், கம்பெனி பெயர் வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவில் மின்சாரத்தைப் பிடுங்குங்கள். திரும்ப எழுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறதா, முதலிலிருந்து ஆரம்பித்து ஒரே பணத்தை இரண்டு தடவை ஏற்றுகிறதா? உள்ளே போன ரூபாயும் வெளியே வந்த ரூபாயும் பைசா சுத்தமாகப் பொருந்துகிறதா? ஏற்காமல் தள்ளிய கணக்குகளை ஏன் தள்ளினேன் என்று சொல்கிறதா, சத்தமில்லாமல் முழுங்கிவிடுகிறதா? டேலி ஆகாத புத்தகத்தை மூடாதே என்று எந்த காமர்ஸ் வாத்தியாரும் முதல் வருஷமே சொல்லிக்கொடுக்கிற விஷயம்தான்.

விலையை ஐந்து வருஷத்துக்குப் பாருங்கள், வெளியேறுகிற செலவையும் சேர்த்து. இந்தக் கம்பெனிகள் கைமாறிக்கொண்டே இருக்கும். டேட்டாஸ்டேஜ் 2005-ல் ஐ.பி.எம்.முக்குப் போனது, டேலண்ட் 2023-ல் க்ளிக்குக்கு, இன்ஃபர்மாட்டிகா 2025-ல் சேல்ஸ்ஃபோர்ஸுக்கு. "இலவசம், அதனால் இதுதான் நல்லது" என்கிற ஓப்பன் சோர்ஸ் பக்தர்களுக்கும் ஒன்று: டேலண்டின் இலவசப் பதிப்பை 2024 ஜனவரி 31-ஓடு நிறுத்திவிட்டார்கள். இலவசத்துக்குக் கொடுத்த மதிப்பெண்ணை யார் திருப்பித் தருவது?

நம்ம ஆட்களுக்கும் ஒரு குட்டு வைக்க வேண்டும். "நம்ம சென்னை கம்பெனி சார்", "என் பையன் அங்கேதான் இருக்கான், ரொம்ப நல்ல சாஃப்ட்வேர்." இந்த ஊரில் இருக்கிற நாலு தமிழ் அதிகாரிகள் சந்தித்தால் இந்தப் பேச்சுதான். கேட்க இனிப்பாக இருக்கிறது, பாசம் புரிகிறது. பாரபட்சம் என்ற வார்த்தைக்கு அர்த்தமும் இதுதான். நம்ம ஊர் கம்பெனி நல்ல கம்பெனியாக இருந்தால் அ, ஆ, இ என்று வரும்போதும் முதலில் வரும்.

நிஜ டேட்டாவை வெளியாளிடம் கொடுக்கலாமா, 2023-ல் தனிநபர் டேட்டா பாதுகாப்புச் சட்டமே வந்துவிட்டதே என்று ஒரு ஆட்சேபம் எப்போதும் வரும். கொடுக்காதீர்கள். அவர்கள் மென்பொருளை எடுத்துக்கொண்டு நம்ம கட்டடத்துக்கு வரட்டும், நம்ம இயந்திரத்தில், நம்ம ஆள் பக்கத்தில் நிற்க ஓட்டட்டும், முடிந்ததும் அழித்துவிடலாம். பெயரை மறைத்துக் கொடுக்கிறோம் என்று லெட்சுமியை "வாடிக்கையாளர் 17" ஆக்கிக் கொடுக்கிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. சோதிக்க வேண்டியதே அந்தப் பெயரைத்தானே ஐயா!

வங்கிகள் திருந்துகிற வரை நீங்கள் செய்ய இரண்டு காரியம் உண்டு. ரிசர்வ் பாங்க் 2023 ஆகஸ்டில் உத்கம் என்று ஒரு தளம் ஆரம்பித்தது, கேட்பாரற்றுக் கிடக்கும் டெபாசிட்டுகளைத் தேடுவதற்கு. அதில் அப்பா, அம்மா, தாத்தா பெயரை ஒரே மாதிரி போட்டுப் பார்த்துவிட்டு இல்லை என்று மூடாதீர்கள். இன்ஷியல் முன்னே, இன்ஷியல் பின்னே, அப்பா பெயரை விரித்து, கணவர் பெயரோடு, லக்ஷ்மி, லெட்சுமி, எக்ஸ் போட்ட லக்ஷ்மி என்று எல்லா விதமாகவும் தேடுங்கள். இரண்டாவது, சிபில் போன்ற கடன் அறிக்கையை வருஷம் ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். வேறு யாரோ முருகனின் கடன் உங்கள் தலையில் இருந்தால் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்று ரிசர்வ் பாங்க் 2023 அக்டோபரில் உத்தரவு போட்டு, 2024 ஏப்ரலிலிருந்து அமலில் இருக்கிறது. புகார் கொடுத்த தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

டிஸ்கி: மேலே சொன்ன எந்த மென்பொருள் கம்பெனியிலும் எனக்குப் பங்கு கிடையாது. மச்சினர் ஒருவர் சென்னையில் இதே குழாய் வியாபாரத்தில் இருக்கிறார், அதனால் அந்தக் கம்பெனி பெயரை நல்லதாகவோ கெட்டதாகவோ இங்கே எழுதவில்லை. அவர் கோபித்துக்கொண்டால் தீபாவளிக்குப் பேசிக்கொள்கிறேன்.